இருபத்தேழாம் எண் திருகு

காலை ஐந்து ஐம்பது. வாசல் கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது ஓர் இரும்புச் சக்கரம். சைக்கிள் ரிக்‌ஷாவின் இருக்கையில், பழைய சேலையில் சுற்றிய மூட்டைக்கு வெளியே அது நீட்டிக்கொண்டிருந்தது. மேல்பூச்சு பாதி உரிந்திருந்தது. உட்கார இடமில்லாததால் அக்கா ரிக்‌ஷாவின் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். பிள்ளையார்பாளையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு.

"மெதுவா எறக்குடா. தலைய மட்டும் எடுத்தாந்தேன். காலை அவங்களே வெச்சிக்கட்டும்" என்றாள்.

தலை என்றது தையல் மிஷினின் மேல்பாகத்தை. கால் என்றது மிதிபலகை பொருத்திய ஸ்டாண்டை; அது இல்லாமலும் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் காஞ்சிபுரத்திலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கோயில் உற்சவம், கூட்டுறவுச் சங்கத் தேர்தல், ஏரி உடைப்பு, பஸ் கவிழ்ந்தது. வீடு ஒரு கூடமும் ஓர் அறையும். மனைவி, மூன்று பிள்ளைகள், நான். கூடத்தின் மூலையில் மிஷின் தலையை வைத்தோம். அதன் பக்கத்தில் அக்காவுக்குப் படுக்கை.

அவள் ஏன் வந்தாள் என்பது இரண்டு தெருவுக்கும் தெரியும். கணவர் அந்தத் தை மாதம் இன்னொருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அக்காவை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. அவளுடைய மாமனார் பட்டு நெசவாளி. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழலான தாரில் சுற்றிக் கொடுக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். பதினோரு வருஷமாக அந்த ஆள் அக்கா. அதனால் அறை புதிதாக வந்தவளுக்கு, தார் சுற்றும் ராட்டை இவளுக்கு என்று ஏற்பாடானது. நான்கு மாதம் தறிக்குழிக்குப் பக்கத்தில் படுத்து, அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமைத்தாள். ஐந்தாவது மாதம் மிஷினோடு கிளம்பிவிட்டாள்.

அவளிடம் ஒரு விண்ணப்பத் தாள் இருந்தது. முசரவாக்கத்தில் ஒரு மாதர் சங்கம் தையல் வகுப்பு தொடங்கப்போகிறது. ஆசிரியை வேண்டும். தங்குவதற்கு ஓர் அறை தருவார்கள். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை சோதனை, பதினேழு நாள் இருந்தது. ஒரே நிபந்தனை: மிஷின் சொந்தமாக இருக்க வேண்டும், அது வகுப்பிலேயே இருக்க வேண்டும். சங்கத்திடம் மிஷின் கிடையாது.

அக்காவிடம் மிஷின் இருந்தது. அது ஓடவில்லை.

புதியதைத் தவணையில் எடுக்க முடியுமா என்று கடையில் விசாரித்தேன். படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. நான் போடுகிறேன் என்றேன். "புருஷன் இருக்கறப்ப தம்பி கையெழுத்து செல்லாது சார்" என்றார் கடைக்காரர். என் பெயரிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்குத் தவணை இல்லை என்றார். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நான். அவர் சொன்னதில் தவறில்லை. இந்த அலைச்சலில் மூன்று நாள் போனது.

இருந்த மிஷின் எங்கள் அப்பா வாங்கியது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்து, அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தார். ஜெர்மனியில் செய்தது என்று அடித்தட்டில் பொறித்திருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் பொன் நிறக் கோடுகள் மட்டும் மிச்சம். கண்டிப்பாக நம் ஊர் மிஷின் இல்லை. அடியில் வட்டப் பெட்டிக்குப் பதிலாகப் படகு போல நீண்ட ஒன்று இருந்தது. தறியில் ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாவைச் சின்னதாகச் செய்து வைத்ததுபோல.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த பாயைக் கூட்டிவந்தேன். ஐம்பது வயது இருக்கும். எதையும் உடனே தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பிடித்து லேசாக அசைத்தார். அசையவில்லை. ஊசி மாட்டும் கம்பியைக் கட்டை விரலால் அழுத்தினார். அதுவும் அசையவில்லை.

"எண்ணெய் போட்டீங்களா தங்கச்சி?"

"போடாம இருப்பனா? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போட்டேன். பதினோரு வருஷம். தைக்காத வாரம் கூட போட்டேன்."

"இன்னா எண்ணெய்?"

"நல்லெண்ணெய்."

பாய் ஒரு துளையில் குச்சியை விட்டு எடுத்து மோந்தார். குச்சி நுனியில் பழுப்பாக, அரக்கு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இது மிஷின் இல்லமா. ஊறுகா ஜாடி."

என் மனைவி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரித்தாள்.

பட்டுத் தறி இருக்கிற வீட்டுக்குள் மிஷின் எண்ணெயை விட மாட்டார்கள். கை தவறி ஒரு சொட்டு, தறியில் நீளவாக்கில் இழுத்திருக்கும் பாவில் பட்டால் அந்தக் கறை போகாது, சேலையே கழிவாகிவிடும். நல்லெண்ணெய்க் கறை என்றால் சீயக்காய்க்குப் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கிண்ணத்திலிருந்தே மிஷினுக்கும் ஊற்றினாள். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. வாரம் ஒரு சொட்டு, அதன்மேல் ஒரு சொட்டு.

"போடாமலே வுட்டிருந்தீங்கன்னா கூட துரு மட்டும்தான் புடிச்சிருக்கும். துருவ ஓட்டிடலாம்" என்றார் பாய்.

அக்கா எழுந்தாள். உள்ளே போய் அரிசி களைந்தாள்.

பாய் வேலையை எங்களிடமே விட்டார். சுத்தியல் கூடாது, முறுக்கக் கூடாது. ஊற வைக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். "கிருஷ்ணாயில் ஊத்துங்க. காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. சக்கரத்த சும்மா தொட்டுத் தொட்டு வுடுங்க. வம்பு பண்ணாதீங்க. அது தூங்கிக்கினு இருக்குது" என்றார்.

துளை என்று தெரிந்த இடத்திலெல்லாம் மண்ணெண்ணெய் விட்டோம். தெரியாத துளைகளை அக்கா ஊசியால் குத்திக் கண்டுபிடித்தாள். மணலை வறுத்துத் துணியில் முடிந்து, இரும்பின்மேல் ஒத்தடம் கொடுத்தோம். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. என் மகள் சோறு நாறுகிறது என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.  என் மனைவி பாத்திரங்களை அறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சக்கரம் ஒரு நெல் அளவு நகர்ந்தது. அக்கா அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாள். ஏழாம் நாள் கோடு விரல் அகலம் தள்ளி இருந்தது. ஒன்பதாம் நாள் ஊசிக் கம்பி இறங்கி ஏறியது. பழுப்புத் திரவம் சொட்டியது. அன்று அவள் பிள்ளைகளுக்குச் சட்டை அளவெடுத்தாள். முசரவாக்கத்து அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும், அடுப்பு போட இடம் இருக்குமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

பத்தாம் நாள் பாய் வந்தார். மிஷினைச் சாய்த்து அடியில் பார்த்தார். சக்கரம் கால் சுற்று போனது, நின்றது. திரும்பக் கால் சுற்று வந்தது, நின்றது.

"படகு ஆடற கை புடிச்சிக்கினு இருக்குது சார். அத வெளிய எடுத்து, சுரண்டித் தொடைச்சித் திரும்ப மாட்டணும். இதோ இந்தத் திருகுதான் அத புடிச்சிருக்குது."

"எடுத்துடுங்களேன்."

"நம்ம ஊரு மிஷினா இருந்தா கண்ண மூடிக்கினு எடுத்துடுவேன். இது எந்தப் பக்கம் சுத்தினா கழலும்னு தெரியல. ஆடற எடத்துல இருக்கற திருகு. தானா கழண்டுடக் கூடாதுன்னு சில பேரு மரைய மாத்தி வெட்டியிருப்பான். இறுகிப் போயிருக்குது, பலம் போடணும். தப்பான பக்கம் பலம் போட்டா மண்டை பூடும்." பிறகு கேட்டார்: "புக்கு ஏதாச்சும் வந்திச்சா இதோட?"

வந்தது என்றாள் அக்கா. படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம். வழவழவென்று தாள். மாமனார் வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

நான் போனேன். மாமனார் தறியில் உட்கார்ந்திருந்தார். கால் குழிக்குள், கை நாடாக் கயிற்றில். அக்காவின் கணவர் இல்லை. ராட்டைக்கு முன்னால் புதிதாக வந்தவள் இருந்தாள். நூல் அறுந்து அறுந்து போனது, அவளுக்குப் பழக்கமில்லை.

"வாப்பா பேப்பர்காரு. அவ எப்ப வரப்போறாளாம்?"

"புத்தகம் கேட்டு வந்தேன் மாமா. மிஷின் புத்தகம்."

அவர் நாடாவை நிறுத்தினார். தறிக்குப் பக்கத்து மாடத்திலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். அட்டையும், உள்ளே இரண்டு தாளும். முதல் தாளில் ஒரு பெரிய கட்டடத்தின் படம். இரண்டாவதில் மிஷினின் முழு உருவம், எண்கள் போட்டு.

"மிச்சம்?"

"சேலைல போச்சுபா."

விளங்கச் சொன்னார். நெய்து முடித்த சேலையை மடிக்கும்போது முந்தியின் ஜரிகை ஒன்றோடொன்று உரசக் கூடாது. நடுவில் ஒரு தாள் வைப்பார்கள். அந்தத் தாளின் மை பட்டில் ஒட்டக் கூடாது.

"உங்க பேப்பர் வெச்சிப் பார்த்தேன் ஒரு வாட்டி. தலைவருங்க மூஞ்சி முந்தில வந்திச்சி. மொதலாளி கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. உங்க பேப்பரு வடை மடிக்கத்தான் லாயக்கு. இது ஜெர்மன்காரன் தாளு. ஒரு பொட்டு ஒட்டாது. போன தை மாசத்துலருந்து சேலைக்கு ஒரு தாளு, பின்னாலருந்து கிழிச்சிக்கினே வந்தேன்."

"கடைசியா கிழிச்சது?"

"போன வாரம் குடுத்த சேலைல. அரக்கு உடம்பு, பச்சை கரை."

நான் எழுந்தேன். அவர் நாடாவைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, "அவள வரச் சொல்லு. தார் சுத்த ஆளில்லாம தறி நிக்கிது. நான் ஒண்ணும் கோவமா இல்ல" என்றார். உண்மையிலேயே அவர் கோபமாக இல்லை.

அவர் நெய்து கொடுக்கும் பட்டுக் கடை சந்நிதித் தெருவுக்குப் பக்கம். கணக்குப்பிள்ளைக்கு என்னைத் தெரியும்.

"இன்னா சார், சேலைக்குள்ள நியூஸ் தேடிக்கினு வந்துட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அரக்குச் சேலையை எடுத்துப் பிரித்தார். முந்தி மடிப்பில் தாள் இருந்தது. ஜரிகை அழுத்தியதில் மாங்காய் வடிவங்கள் தாளில் பதிந்திருந்தன. பக்கம் ஐந்து, ஆறு.

ஐந்தாம் பக்கத்தில் நூல் கோர்க்கும் முறை. ஆறாம் பக்கத்துத் தலைப்பு, மிஷின் கனமாக ஓடினால் செய்ய வேண்டியவை. கடையிலேயே நின்று படித்தேன். மண்ணெண்ணெய் விடவும் என்றிருந்தது, விட்டிருந்தோம். அப்படியும் விடுபடாவிட்டால் படகு ஆடும் கையை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இருபத்தேழாம் எண் திருகைக் கழற்ற வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு முன்னால் பக்கம் முடிந்துவிட்டது. மிச்சம் ஏழாம் பக்கத்தில், அதாவது அடுத்த தாளில். அடுத்த தாள் அதற்கு முந்தைய சேலையில் போயிருந்தது.

"அந்தச் சேலையா? அது சித்திரைலயே போயிடுச்சே சார். மாயவரத்துக் கல்யாண வூடுன்னு சொன்னாங்க. அட்ரஸ்லாம் யாரு கேக்கறா? பொண்ணு கட்டிக்கினு கூடப் போயிருக்கும். பேப்பரையா பெட்டில வெச்சிப் பூட்டியிருப்பாங்க?"

தாளைக் கேட்டேன். கொடுத்தார். பதிலுக்கு வெள்ளைத் தாள் ஒன்றை மடிப்பில் வைத்துச் சேலையை மூடினார்.

ஆறாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு படம் இருந்தது. மிஷினின் அடிப்பாகம். இருபத்தேழு என்ற எண், அதற்கு மிக அருகில் வளைந்த ஓர் அம்பு. அம்பு இடப்பக்கம் சுழன்றது. இடப்பக்கம் என்றால் எல்லாத் திருகும் கழலுகிற பக்கம்தான். சைக்கிளில் வரும்போதே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பாய் மறுநாள் காலை வந்தார். சோதனைக்கு நாலு நாள். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது; படம் படிக்கத் தெரியும்.

"அம்பு இந்தத் திருகுக்குன்னு எழுதியிருக்குதா சார்?"

"எண்ணுக்குப் பக்கத்துலயே இருக்குதே."

"பக்கத்துல இருக்குது. அதுக்குன்னு எழுதியிருக்குதா?"

"இடது பக்கம்தான் பாய்" என்றேன். சந்தேகம் இல்லாத குரலில் சொன்னேன். செய்தியைத் தொலைபேசியில் சொல்லும்போது வரும் குரல் அது. எதிர்முனையில் இருப்பவர் மறுபடி கேட்க மாட்டார்.

பாய் அக்காவைப் பார்த்தார். "இன்னாமா?"

"படிச்சவன் சொல்றான். போடுங்க."

அவர் திருகின் மண்டைமேல் சூடான கம்பியை ஒரு நிமிஷம் வைத்தார். திருப்புளியை நிறுத்தினார். அதன் கைப்பிடியைக் குறட்டால் கவ்வி இடப்பக்கம் பலம் கொடுத்தார். ஒன்றும் நகரவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு இன்னொரு முறை. டக் என்று ஒரு சத்தம், பாக்கு வெட்டுகிற சத்தத்துக்கு மேல் இல்லை. திருகின் மண்டை தரையில் உருண்டு படுக்கைக்கு அடியில் போனது. உடல் உள்ளேயே இருந்தது.

 பாய் குனிந்து மண்டையைத் தேடி எடுத்தார்.

"மெட்ராஸ்ல லேத்துல குடுத்து உள்ள இருக்கறத குடைஞ்சி எடுக்கலாம். புதுத் திருகு கடையணும். மாசம் ஆவும். அப்பவும் சொல்ல முடியாது." கருவிகளைப் பையில் போட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் நிறுத்தியிருக்கணும் சார்" என்றார். நிறுத்த வேண்டியவர் அவர் இல்லை.

அன்று சாயங்காலம் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே, ஜரிகைத் தடம் அழுத்தியிருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அம்பு சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறது என்று அதில் எழுதியிருந்தது. அரசு அறிக்கைகளில் இப்படிப்பட்ட வரிகளைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர்.

அக்காவிடம் சொன்னேன். முறம் வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லெண்ணெய் ஊத்தினது நான்தானே" என்றாள். பிறகு, "உன் பொண்டாட்டிகிட்ட பாத்திரத்த வெளிய வெச்சிக்கச் சொல்லு. இனிமே வாசனை இருக்காது."

வியாழக்கிழமை அவள் சோதனைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். முசரவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா. ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். நாலு பேர் மாட்டு வண்டியிலும் ரிக்‌ஷாவிலும் மிஷினைக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா கையால் தைத்த ஒரு ரவிக்கையை மேஜைமேல் வைத்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் பொத்தான் துளைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இந்த மாதிரி காஜா நான் பார்த்ததில்லமா. மிஷின் எங்க?"

"ரிப்பேர்ல இருக்குதுங்க."

"எப்ப வரும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஒரு மாதம் ஆகும் என்றேன். அந்த அம்மாள் ரவிக்கையை மடித்து அவளிடமே கொடுத்தார். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, நம் வீட்டிலேயே இரு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த வார்த்தை என் மனைவியைக் கேட்காமல் வந்தது என்று அவளுக்குத் தெரியும்; எனக்கும் தெரியும்.

"ஒரு கூடத்துல எத்தினி பேருபா படுக்கறது" என்றாள்.

நான் இரண்டாவது முறை சொல்லவில்லை.

சனிக்கிழமை மாமனார் ஆள் அனுப்பினார். புதுப் பாவு ஏற்றியிருப்பதாகவும், தார் சுற்ற ஆளில்லை என்றும் வந்தவன் சொன்னான். அக்கா தலைக்குக் குளித்து, துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவனோடு கிளம்பினாள். மிஷின் தலை எங்கள் கூடத்து மூலையிலேயே இருந்தது.

அடுத்த பன்னிரண்டு மாதத்தில் அந்தத் தறியிலிருந்து இருபத்திரண்டு சேலைகள் போயின. இருபத்திரண்டுக்கும் தார் சுற்றியது அக்கா.